கப்பல் பட்டியலில் ஒரு வரி: பழைய போளூர் வட்டத்தில் ஒரு வம்சாவளித் தேடல்

அவர் கொண்டு வந்திருந்தது ஒரே ஒரு தாள். டர்பனில் அச்செடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததில் மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது. தாளில் ஒரு வரியை மட்டும் மஞ்சள் மையால் அடித்திருந்தார். ஐந்து இலக்க எண். ஆள் பெயர். தகப்பன் பெயர். வயது 22. ஆண். சாதி. ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா போளூர், அப்புறம் ஊர்ப் பெயர். உயரம். கடைசியில் அங்க அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. 1890களில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய ஒருவரைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்தது அவ்வளவுதான். வந்தவர் அவருடைய கொள்ளுப்பேரன். பணி ஓய்வு பெற்றவர், தமிழ் பேச வராது.

நான் வரலாறு படித்தவன் இல்லை, பத்திர எழுத்தர். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர். வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா என்று நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தின் பூர்வீகத்தைத் துருவுவதுதான் பிழைப்பு. யாரோ சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். "இடத்தின் பூர்வீகம் பார்க்கிறீர்களே, ஆளின் பூர்வீகம் பார்க்க முடியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேட பதினொரு மாதம் ஆனது.

ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பக்கத்துக் குடும்பமும் அப்படித்தான் கேட்டுக்கொண்டது. எங்கே தேடினோம், எது கிடைத்தது, எங்கே சறுக்கினோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவலாம்.

தாளைப் படித்தல்

முதலில் அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் நங்கூரம் போட்டது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழி. ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஓர் எண். அந்த எண் தோட்டத்திலும் ஆஸ்பத்திரியிலும் கல்யாணப் பதிவிலும் சாவுப் பதிவிலும் கூடவே வந்தது. இந்தக் கப்பல் பட்டியல்களை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. நேட்டாலில் இருக்கும் ஒருவருக்குத் தன் முன்னோரின் எண் தெரிந்துவிட்டால், மீதி வரியை எடுப்பது பெரிய வேலை இல்லை.

வரி கிடைத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. கப்பலேறப் போகிறவர்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, எதிரே நிற்பவர் சொன்னதைக் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். "பாக்கம்" என்று முடியும் ஊரை அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பி-ஏ-யு-கே-யு-எம் என்று எழுதுவார்கள். நம் தாளிலும் அப்படித்தான். ர-வும் ற-வும் ஒன்று, ல-வும் ள-வும் ழ-வும் ஒன்று. மேல், கீழ் என்ற முன்னொட்டு பெரும்பாலும் விடுபட்டுப்போகும். ஊரைக் கேட்டால் "மேல்" இன்னது என்று யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? இன்றைக்கும் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது விட்டுவிட்டுத்தான் சொல்கிறோம்.

அடுத்த சிக்கல் குடும்பப் பெயர். தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கடைசிப் பெயராக இன்று இருப்பவை மூட்லி, கோவெண்டர், பிள்ளே, நாயுடு, படையாச்சி மாதிரியானவை. பார்த்தவுடன் சாதி தெரிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். அப்படி நினைக்கக் கூடாது. கப்பலில் போனவருக்கு இருந்தது ஒற்றைப் பெயரும் தகப்பன் பெயரும்தான். கடைசிப் பெயர் என்று ஒன்று வேண்டும் என்று கேட்கும் நாட்டில், சிலருக்கு அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்தது, சிலர் ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் யார் நம்மை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைக் கடல் தாண்டிச் சரிபார்க்க யாரும் இல்லை. நியாயமான விடுதலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர் விஷயத்தில் கடைசிப் பெயர் ஒன்று சொன்னது, பட்டியலின் சாதிப் பத்தி வேறொன்று சொன்னது. முதல் இரண்டு நாள் அந்தப் பத்தியைக் கட்டைவிரலால் மறைத்தபடியேதான் தாளைக் காட்டினார். மூன்றாம் நாள் காலை டீ குடிக்கும்போது, தானாகவே விரலை எடுத்தார். பறையர் என்று எழுதியிருந்தது. "எங்கள் வீட்டில் இதை யாரும் சொன்னதில்லை" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தேட வேண்டிய அலமாரி அந்த நிமிஷத்தில் மாறிவிட்டது. ஊரை விட்டுக் காலனியில் தேட வேண்டும், பட்டாவை விட்டு வேறு காகிதங்களில் தேட வேண்டும்.

தவறான ஊருக்கு மாலை

அதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். போளூர் வட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு ஊர் எனக்குத் தெரியும். அங்கே இரண்டு கிரயம் எழுதியிருக்கிறேன். தாளைப் பார்த்த இரண்டாம் நாளே, இதுதான் என்று காரில் கூட்டிப் போய்விட்டேன். ஊரே திரண்டு வந்தது. மாலை, சால்வை, டீ, பிஸ்கட். பஞ்சாயத்துத் தலைவர் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கற்பூரம் காட்டச் சொன்னார். டர்பன்காரர் அழுதார். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அது அவருடைய ஊர் இல்லை.

1890களின் போளூர் தாலுகாவும் இன்றைய போளூர் வட்டமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? தினமும் பத்திரத்தில் "பழைய போளூர் வட்டம், தற்போது கலசபாக்கம் வட்டம்" என்று எழுதுகிற கைதான். பழைய வட்டத்து ஊர்கள் இன்று போளூர், கலசபாக்கம், சேத்துப்பட்டு என்று சிதறிக் கிடக்கின்றன. ஜில்லாவை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். 1911 வரை சித்தூரும் சந்திரகிரியும் பலமனேரியும் வட ஆர்க்காட்டில் இருந்தன. அந்த வருடம் சித்தூர் தனி மாவட்டமானபோது அவை போயின, தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் சேலத்திலிருந்து திருப்பத்தூரும் உள்ளே வந்தன. 1989இல் வட ஆர்க்காடே இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றானது. கப்பல் பட்டியலில் வட ஆர்க்காடு என்று இருந்தால் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். திருவண்ணாமலை என்று இருந்தால் ஜில்லா பத்தியில் தென்னாற்காடு இருக்கும். ஊரைத் தேடும் முன், கப்பல் புறப்பட்ட வருடத்தில் அந்த வட்டத்தின் எல்லை எது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு நான் பிறகு பயன்படுத்தியது, மாகாணக் காலத்தில் தாலுகாவாரியாக அச்சிட்ட ஊர்ப் பட்டியலும் 1961 குடிமதிப்பின் மாவட்டக் கையேடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், பழைய போளூர் தாலுகாவில் அதே பெயரில் இன்னொரு ஊர் இருந்தது தெரிந்தது. "கீழ்" என்ற முன்னொட்டோடு. இன்று அது வேறு வட்டம்.

அவர் அதற்குள் டர்பன் திரும்பிவிட்டார். போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த மண்ணை என்ன செய்வது?" என்றார்.

மண்ணுக்கு எழுதிய கணக்கு

அயர்லாந்தில் 1901, 1911 குடிக்கணக்கு வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் பெயரோடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அமெரிக்காவில் 72 வருடம் ஆனதும் குடிக்கணக்குத் தாளைத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் வருடத்தது 2022இல் வந்தது. அங்கே ஒரு நாட்டுப்புறக் கவுண்டியில் வேர் தேடுகிறவர் முதலில் போய் நிற்பது அங்கேதான். நமக்கு அது இல்லை. 1871இலிருந்து தலையை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மக்கள் கைக்கு வருவது எண்ணிக்கை மட்டுமே, பெயர் வராது.

நம் பக்கம் பெயர் இருப்பது வரிக் கணக்கில். ரயத்துவாரி முறையில் யார் எந்த நிலத்துக்கு எவ்வளவு தீர்வை கட்டுகிறார் என்று ஆளுக்கு ஆள் எழுதியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கு, 1858க்குப் பிறகு சர்வே இலாகா வந்து அளந்து போட்ட செட்டில்மென்ட் பதிவேடு, அதன் வழி வந்த அ-பதிவேடு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு), அடங்கல், சிட்டா, கடைசியாக 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம். இந்த வரிசையில் ஒரு சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு ஐந்தாறு தலைமுறை சுலபமாக வந்துவிடும். நிலத்தில் பாகப்பிரிவினை நடந்திருந்தால் இன்னும் நல்லது. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன், தம்பி, விதவை அண்ணி, மைனர் பிள்ளை, அவனுக்குக் கார்டியன் என்று குடும்ப மரமே எழுதியிருக்கும். சண்டை போட்ட குடும்பத்துக்கு வம்சாவளி துல்லியமாகக் கிடைக்கும் என்பது என் தொழில் அனுபவம்.

இதில் இன்னொரு விலக்கு உண்டு. ஆரணிப் பக்கம் பல ஊர்கள் ஜாகிராக, அதாவது ஒருவருக்கு மானியமாக விட்ட எஸ்டேட்டாக இருந்தவை. ஜமீன், ஜாகிர் ஊர்களில் குடிகளின் கணக்கு எஸ்டேட் கச்சேரியில்தான் இருந்தது. 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்கச் செட்டில்மென்ட் வந்தது. முன்னோர் ஊர் ஜாகிரில் இருந்திருந்தால் அதற்கு முந்தைய அ-பதிவேட்டைக் கேட்டு அலைய வேண்டாம். நம்மவர் ஊர் சர்க்கார் ஊர். அந்த வகையில் அதிர்ஷ்டம்.

ஆனால் என்ன பயன்? கப்பலேறியவருக்கு நிலம் இல்லை. அவர் அப்பாவுக்கும் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-77இல், அவருக்கு நாலைந்து வயது இருந்திருக்கும். இந்த மாவட்டத்துக்கு 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்து, 1890களில் ஹரால்ட் ஸ்டூவர்ட் திருத்திய கையேடு ஒன்று இருக்கிறது; ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் கிடைக்கும். மழை, விளைச்சல், பஞ்சம், கோயில், சாதி வழக்கம் எல்லாம் பக்கம் பக்கமாக வரும். ஆனால் அவரைப் போன்ற ஒரு ஆளின் பெயர் அதில் வராது, வர வாய்ப்பும் இல்லை. செட்டில்மென்ட் பதிவேட்டில் அவர் வாழ்ந்த இடம் ஒரே ஒரு வரி: "சேரி நத்தம், புறம்போக்கு." தீர்வை இல்லாத இடம், ஆகவே பெயரும் இல்லை. மண் இல்லாதவரைத் தேடுகிறவன் இந்த அலமாரியை மூடிவிட்டு வேறு பக்கம் போக வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன் இந்தப் பக்கத்தில் ஆரணி வரை வேலை செய்தது. கத்தோலிக்கப் பங்குகள் அதற்கும் முந்தியவை. ஞானஸ்நானப் பதிவேட்டில் நிலமற்றவருக்கும் தாய் தகப்பன் பெயரோடு ஒரு வரி உண்டு. நம்மவருக்கு அந்த வழியும் இல்லை. டர்பன் வீட்டில் இன்னும் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள்.

மேற்படி, மேற்படி

பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899இல்தான் தனிச் சட்டம் வந்தது. கப்பலேறியவர் பிறந்தது அதற்கு முன். போனபிறகு அவர் இங்கே சாகவும் இல்லை. ஆனால் அவரோடு பிறந்தவர்கள் இங்கேதானே செத்திருப்பார்கள்? அதுதான் எனக்குத் தோன்றிய ஒரே உருப்படியான யோசனை.

கிராமத்தில் அந்தப் பதிவேட்டை எழுதியது முன்சீப், அதாவது ஊர் மணியக்காரர். தகவல் கொண்டு வந்தது தலையாரி அல்லது வெட்டியான். நிலம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இல்லை. செத்தால் ஒரு வரி. ஊரில் மணியம், கர்ணம் பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒரே நாளில் ஒழித்தபோது சில வீடுகளிலிருந்து கணக்கு மூட்டை முழுசாகத் திரும்பி வரவில்லை. மீதி இருப்பது சிவப்புத் துணியில் கட்டி, பதிவறைகளில் ராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடாக இருக்கிறது. நான் போன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நாலு முறை மனு கொடுத்தேன். நாலாவது முறை ஒரு பதிவறை எழுத்தர், "சார், நீங்களே உள்ளே வந்து பாருங்க, எனக்கு டஸ்ட் அலர்ஜி" என்றார். அந்த அலர்ஜிக்கு நான் கடமைப்பட்டவன்.

கீழ்ப் பாக்கத்தின் (இப்போதைக்கு அப்படிச் சொல்லிக்கொள்வோம்) இறப்புப் பதிவேட்டில் எனக்குக் கிடைத்தது தொடர்ச்சியாக ஆறு வருடம். நடுவில் காளயுக்தி வருடம், 1918. வழக்கமாக மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரி இருக்கும் ஊர். ஐப்பசி வந்ததும் பக்கம் நிறையத் தொடங்குகிறது. முதல் ஆளுக்குச் சாவுக்குக் காரணம் "காய்ச்சல்" என்று முழுசாக எழுதியிருக்கிறார் முன்சீப். அடுத்த வரியில் ௸. அதற்கடுத்த வரியிலும் ௸. மேற்படி, மேற்படி, மேற்படி என்று பக்கத்தின் அடி வரை. இரண்டாம் பக்கத்தில் அந்த ௸ கூட அவசரத்தில் வெறும் சுழியாகிவிட்டது. கார்த்திகை நடுவில் கையெழுத்து மாறுகிறது. எழுதியவருக்கு என்ன ஆனது என்று பதிவேடு சொல்லவில்லை. உலகம் முழுக்கப் பரவிய அந்த விஷக்காய்ச்சலைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அந்தச் சுழியைப் பார்த்தபோதுதான் அது நம் ஏரிக்கரை வரை வந்தது என்று உறைத்தது.

அந்தப் பக்கத்தில், காலனியைச் சேர்ந்த ஒரு ஆண், வயது 50, தகப்பன் பெயர் கப்பல் பட்டியலில் இருக்கும் அதே பெயர். அண்ணனாக இருக்கலாம். வயது பொருந்துகிறது, தெரு பொருந்துகிறது, சாதி பொருந்துகிறது. துள்ளிக் குதித்திருப்பேன், பன்னிரண்டு வரி தள்ளி அதே தகப்பன் பெயரோடு இன்னொரு ஆண் இருக்காவிட்டால். அவருக்கு வயது 45. ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகளா, ஒரே பெயருள்ள இரண்டு தகப்பன்களா? அந்தப் பெயர் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர்.

விய வருடத்துப் பத்திரம்

இங்கேதான் என் சொந்தத் தொழில் கைகொடுத்தது. பஞ்சமி நிலம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தரிசு நிலத்தை ஒப்படை செய்வது. பத்து வருடத்துக்கு விற்கவே கூடாது, அப்புறம் விற்றாலும் அதே வகுப்பினருக்குத்தான் விற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை டி.சி. நிலம், கண்டிஷன் பட்டா என்பார்கள். அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இது எழுதியிருக்கும். வரிக் கணக்கில் பெயரே இல்லாதிருந்த தெருவுக்கு முதல்முதலாகப் பெயர் கிடைத்த இடம் இதுதான் என்று சொல்வேன். காலனிக்காரர் ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால், அந்த ஊரில் டி.சி. நிலம் எந்தெந்த எண் என்று முதலில் பாருங்கள்.

கீழ்ப் பாக்கத்தில் அப்படிச் சில எண்கள் இருந்தன. அதில் ஒன்றின் ஒப்படைதாரர், 1918இல் 50 வயதில் செத்தவரின் மகன். பெயரும் தகப்பன் பெயரும் ஒட்டின. அந்த எண்ணை வைத்துப் பழைய வில்லங்கம் போட்டேன். கணினியில் அப்போது வந்தது 1975இலிருந்துதான். அதற்கு முந்தையதற்குப் பதிவு அலுவலகத்தின் கையெழுத்து இன்டெக்ஸைப் புரட்ட வேண்டும். இன்டெக்ஸ் 1 ஆள் பெயர் வாரியாக, இன்டெக்ஸ் 2 சொத்து வாரியாக. எல்லோரும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். வம்சம் தேடுகிறவர் கேட்க வேண்டியது முதலாவது.

கிடைத்தது ஒரு அடமானப் பத்திரம். "விய ௵ பங்குனி ௴" என்று தொடங்குகிறது. அறுபது வருடத்துக்கு ஒரு விய வரும் என்பதால் இது 1887ஆ 1947ஆ என்று வெளியாட்கள் குழம்புவார்கள். பசலி 1356 என்று பக்கத்திலேயே இருந்ததால் குழப்பம் இல்லை. பசலியோடு 590 அல்லது 591 கூட்டினால் ஆங்கில வருடம், ஜூலையில் தொடங்குவது. எழுதிக்கொடுத்தவர்கள் மூன்று சகோதரர்கள். "மேற்படி ஊர் காலனியிலிருக்கும்" என்று ஆரம்பித்து, தகப்பன் பெயர், அவருக்குத் தகப்பன் பெயர், பிறகு ஒரு வாக்கியம்: "எங்கள் பாட்டனார் வகையில் வேறு வாரிசு இவ்விடம் யாருமில்லை."

பத்திரத்தில் தேவையில்லாமல் ஒரு சொல் போட மாட்டோம். "வேறு வாரிசு யாருமில்லை" என்பது வழக்கமான வாசகம், நானும் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். "இவ்விடம்" என்பது வழக்கமில்லை. வேறு எவ்விடமோ ஒருவர் இருக்கிறார் என்று அந்த மூன்று பேரும் சொல்லியிருக்க வேண்டும். எழுதியவர் எதிர்கால வில்லங்கத்துக்குப் பயந்து அந்த ஒரு சொல்லைச் செருகியிருக்க வேண்டும். என் முன்னோடிக்கு, அவர் யாரோ, ஒரு கும்பிடு. கீழே மூன்று இடது பெருவிரல் ரேகை.

இது நிரூபணம் ஆகாது. "இவ்விடம்" கைப்பழக்கத்தில் விழுந்த சொல்லாகவும் இருக்கலாம். டர்பன்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் டி.என்.ஏ. சோதனையும் செய்து பார்த்திருந்தார். பொருந்தி வந்தவர்கள் எல்லாம் தென்னாப்பிரிக்கக்காரர்கள். எச்சில் கொடுத்தவர்களோடுதானே பொருத்திப் பார்க்க முடியும்? கீழ்ப் பாக்கத்தில் யார் கொடுத்தார்கள்?

ஏழு கல்

அவர் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த இரண்டு செய்திகள் இருந்தன. ஊருக்குப் பக்கத்தில் ஆறு. ஏரிக்கரையில் ஏழு கல். இதைக் கேட்டவுடன் புல்லரிக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். செய்யாற்றங்கரையில் இருக்கும் எந்த ஊருக்கும் முதல் செய்தி பொருந்தும். கன்னிமார் என்று ஏழு கல் நட்டு மஞ்சள் பூசாத ஏரிக்கரை இந்த ஜில்லாவில் எங்கே இருக்கிறது? தவறான ஊரில் நாங்கள் கற்பூரம் காட்டியதும் ஏழு கல்லுக்குத்தான். குடும்ப நினைவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் எல்லா ஊருக்கும் பொருந்துவது ஒரு ஊருக்கான சாட்சியம் ஆகாது.

ஆகவே இரண்டாம் முறை போகும்போது, தேடுவது யாரை என்று ஊரில் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் ஊரில் நடந்ததே பாடம்: வெளிநாட்டிலிருந்து ஒருவர் பாட்டனைத் தேடி வருகிறார் என்றால் நல்ல மனசுள்ள ஊர் ஒரு பாட்டனை உண்டாக்கியாவது கொடுத்துவிடும். பஞ்சமி நிலம் சம்பந்தமாகப் பழைய பத்திரம் பார்க்க வந்ததாகச் சொன்னேன். பொய் இல்லை. விரல் ரேகை வைத்த மூவரில் கடைசியவரின் மகள் இன்னும் இருந்தார், எண்பதைத் தொட்டவர். நிலம் அடமானத்திலேயே போய்விட்டது, திரும்பவில்லை என்றார். யாரிடம் போனது என்று கேட்கவில்லை. இன்று அதில் யார் கரும்பு போட்டிருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

உங்கள் அப்பாவோடு பங்கு யார் யார் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு அவராகவே சொன்னார்: "எங்க தாத்தாவோட கூடப் பொறந்தவன் ஒருத்தன் கப்பலுக்குப் போயிட்டானாம். எங்க ஆயா சொல்லும். கங்காணிகூடப் போனவன்தான், ஆறு வருஷத்துல வரேன்னு சொல்லிட்டுப் போனானாம். எந்தக் கப்பலு, எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்."

நேட்டால் ஒப்பந்தம் ஐந்து வருடம். ஆறு என்று அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. சொல்லிக்கொடுத்த கதையாக இருந்தால் சரியாக ஐந்து என்று வந்திருக்கும்.

எவ்வளவு உறுதி?

டர்பனுக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான். ஊர்: ஏறக்குறைய உறுதி. பழைய தாலுகா எல்லைக்குள் அந்தப் பெயரில் இரண்டே ஊர்தான், ஒன்றில் அந்தத் தகப்பன் பெயரோடு தடயம் கிடைத்தது, மற்றதில் கிடைக்கவில்லை. ஆனால் மற்ற ஊரின் இறப்புப் பதிவேடு எனக்குக் கிடைக்கவே இல்லை என்பதையும் அதே வரியில் எழுதினேன். தெரு: உறுதி, ஊர் சரியாக இருந்தால். 1918இல் செத்தவர் அண்ணனா என்பது நூற்றுக்கு எழுபது, என் கணக்கில். 45 வயதில் செத்த அந்த இன்னொருவர் யார் என்று தெரியும் வரை அது எழுபதைத் தாண்டாது. கப்பலேறியவரின் அப்பாவுக்கு மேலே ஒரு தலைமுறை: பத்திரத்தில் இல்லை, பதிவேட்டில் இல்லை, கிழவிக்கும் தெரியாது.

போன தை மாதம் அவர் மறுபடி வந்தார், இந்த முறை மகளோடு. பழைய டப்பாவையும் கொண்டு வந்திருந்தார். போகிற வழியில் முதல் ஊரில் காரை நிறுத்தி, எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வந்தார். அங்கே யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கீழ்ப் பாக்கத்தில் மாலை இல்லை, சால்வை இல்லை. கிழவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். நான் நடுவில் இருந்து தமிழும் ஆங்கிலமும் மாற்றிக்கொண்டிருந்தேன். டர்பன்காரர் அந்த நான்காக மடித்த தாளைக் கிழவி கையில் கொடுத்தார். கிழவிக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பத்தியாக விரல் வைத்து நான் சொல்லிக்கொண்டு போனேன்: இது அவர் நம்பர், இது பேரு, இது அவங்க அப்பா பேரு, இது நம்ம ஊரு, இது கால்ல இருந்த தழும்பு. தழும்பு என்றதும் விரலைப் பிடித்து நிறுத்தினார். எந்தக் கால் என்று கேட்டார். இடது என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவங்க அம்மா பேரு எதுல இருக்குது, கண்ணு?"

அதற்குப் பட்டியலில் பத்தி இல்லை.